குப்பைமேட்டில் ஒரு தண்ணீர்க் குடம்

மழை பெய்தது, ஆயினும் பயிர் கருகிற்று. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இவ்வாசகத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை. புரட்டாசியில் உழுது வைக்கிறார்கள். ஐப்பசி மழையை எதிர்பார்த்து விதைக்கிறார்கள். நல்ல மழை ஒன்று விழுகிறது, விதை முளைக்கிறது, நிலம் பச்சை பிடிக்கிறது. அதன்பின் வானம் வாய் மூடிக்கொள்கிறது. 10 நாள், 15 நாள், 20 நாள் ஒரு துளியும் இல்லை. அடுத்த மழை வந்து சேரும்போது அதைக் குடிப்பதற்குப் பயிர் உயிரோடு இருப்பதில்லை. விதைக்கு வாங்கிய கடன் மட்டும் உயிரோடு இருக்கிறது.

நாம் பல்லாண்டுகள் புன்செய்க் கிராமங்களில் பணியாற்றியுள்ளோம். அங்கு நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. உழவனை வீழ்த்துவது பெரும்பாலும் ஆண்டின் மொத்த மழைக்குறைவு அன்று; இரு மழைகளுக்கு இடைப்பட்ட வெயிலே அவனை வீழ்த்துகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் அந்நீரில் ஒரு பகுதி ஓடைவழி ஓடிவிடுகிறது; ஒரு பகுதி செம்மண்ணிலும் மணலிலும் வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது; ஒரு பகுதியை வெயில் குடித்துவிடுகிறது. கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செவலும் தேரி மணலுமோ கைவிரலிடையே வழியும் நீரைப்போல் அதை நழுவவிடும்.

அவ்வாறாயின், மண்ணுக்குள் சிறு சிறு குடங்களைப் புதைத்து வைக்க இயலுமா? மழை பெய்யும்போது தாமே நிரம்பி, வெயில் காயும்போது வேருக்குச் சிறிது சிறிதாக வார்த்து, தம் பணி முடிந்ததும் மண்ணோடு மண்ணாக மக்கிப்போகும் குடங்கள்! கனவுபோல் தோன்றும் இக்கேள்விக்கு அறிவியலார் அரை நூற்றாண்டாக விடை தேடி வருகின்றனர். அவ்விடை நாம் நாள்தோறும் எறியும் பழத்தோலிலும், சாலையோரம் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்த்தூளிலும் இருக்கிறது என்பதே ஈண்டு நாம் எடுத்துரைக்க விழையும் செய்தி.

அடுக்களையில் ஓர் ஆய்வுக்கூடம்

நீரை உறிஞ்சி உப்பும் பொருள் நம் தாய்மார்களுக்குப் புதியதன்று. கோடைக் காலத்தில் பாதாம் பிசினை இரவில் ஊறவைக்கிறார்கள். காலையில் பாத்திரம் நிறையக் கூழாகப் பொங்கி நிற்கிறது. சப்ஜா விதை நீர் பட்ட சில நிமிடங்களில் தன்னைச் சுற்றி வழவழப்பான ஓர் ஆடையைப் போர்த்திக்கொள்கிறது. வெந்தயமும் அவ்வாறே. கொய்யாப் பழத்தைக் காய்ச்சி ஜெல்லி செய்வோர், சாறு ஆறியவுடன் தானே உறைந்து நிற்பதைக் கண்டிருப்பர்.

இவற்றின் இரகசியம் ஒன்றே. தாவரங்களின் உடலில் சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாக அமைந்துள்ளன. மாவுப்பொருளான ஸ்டார்ச், நார்ப்பொருளான செல்லுலோஸ், பழங்களில் மிகுந்துள்ள பெக்டின் ஆகியன இத்தகையவை. இச்சங்கிலிகளுக்கு நீரின்மேல் இயல்பாகவே நாட்டம் உண்டு. பெக்டின் சங்கிலியில் அமிலக் கூறுகளும் உள்ளன. நீரில் நனைந்ததும் இவை ஒரே வகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. மடிந்து கிடந்த சங்கிலி விரிகிறது. விரிந்த இடைவெளியில் நீர் புகுந்து நிறைகிறது.

அப்படியாயின் அச்சங்கிலி நீரில் கரைந்தே போய்விடாதா? போய்விடும். எனவே, சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சிட்டு வலைபோல் ஆக்கவேண்டும். வலையாகிவிட்டால் அது உப்புமேயன்றிக் கரையாது. இவ்வாறு முடிச்சிடப்பட்டு, நீரைப் பெருமளவு ஏந்தும் வலைப்பொருளையே ஹைட்ரோஜெல் என்று வழங்குகின்றனர். நாம் அதனை நீர்க்கூழ் என்று சொல்லலாம். மண் காயும்போது வேர்கள் இக்கூழிலிருந்து நீரை இழுத்துக்கொள்கின்றன. மீண்டும் மழை பெய்தால் சுருங்கிய கூழ் மறுபடியும் உப்புகிறது.

மாவிலிருந்து பிறந்த கூழ்

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில், அரசின் வேளாண் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் மக்காச்சோள மாவுக்குப் புதிய பயன்களைத் தேடிக்கொண்டிருந்தனர். மாவின் சங்கிலியோடு பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் அக்ரிலிக் வகைச் சங்கிலியை ஒட்டுக்கட்டி, காரத்தில் வேகவைத்து, உலர்த்தி அவர்கள் ஒரு பொருளை உருவாக்கினர். அது தன் எடையைப் போல் பல நூறு மடங்கு தூய நீரை உறிஞ்சியது. விதையின்மேல் பூசவும், நாற்றின் வேரை நனைத்து நடவும் அதனைப் பயன்படுத்திப் பார்த்தனர்.

ஆனால், அதன்பின் இத்துறை வேறு பாதையில் சென்றது. மாவைக் கைவிட்டு, முழுவதும் பெட்ரோலியப் பொருள்களாலேயே ஆன நீர்க்கூழ்கள் பெருவாரியாக உற்பத்தியாயின. குழந்தைகளின் டயாப்பர்களில் வெண்தூளாக உள்ளிருப்பது இவ்வகைப் பொருளே. இது மலிவானது, மிகுதியாக உறிஞ்சுவது, ஆயினும் எளிதில் மக்காதது. தாவரச் சங்கிலியை அறுத்து உண்பதற்கு மண்ணின் நுண்ணுயிர்கள் தொன்றுதொட்டுப் பழகியுள்ளன. இப்புதிய சங்கிலியோ அவற்றுக்கு எளிதில் செரிக்கும் உணவன்று. ஆண்டுதோறும் வயலில் இட்டுக்கொண்டே போனால், நம் பேரர்கள் உழப்போகும் மண்ணில் எதனைச் சேர்த்து வைக்கிறோம் என்ற கேள்வி எழாமல் இராது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய உர விதிமுறையிலும், வயலில் இடும் இத்தகைய சேர்மங்கள் மக்கும் தன்மையுடையனவாய் இருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு இடம்பெற்றுள்ளது.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம், செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு 'பூசா ஹைட்ரோஜெல்' என்னும் பொருளை உருவாக்கியது. 2012 முதல் அது உழவர் கைக்கு வந்தது. தன் எடையைப் போல் 350 மடங்கு நீரை ஏந்தும்; நம் நாட்டு மண்ணின் வெப்பத்தையும் தாங்கும்; ஓர் ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ வரை போதும் என்பது அதன் சிறப்பு. ஆயினும் இதுவும் பாதி தாவரம், பாதி செயற்கை; அதாவது, செல்லுலோஸ் சங்கிலியில் செயற்கைச் சங்கிலி ஒட்டுக்கட்டப்பட்டது. நமக்கு நெருக்கமான மரவள்ளி மாவிலிருந்தும் இத்தகைய கூழ் செய்யும் ஆய்வுகள், திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்றுள்ளன.

பழத்தோலில் விளைந்த எண்ணம்

2015-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவைக் கடும் வறட்சி வாட்டியது. 1904-இல் அந்நாட்டில் மழைக் கணக்கு எழுதத் தொடங்கிய காலமுதல், அவ்வளவு குறைந்த மழை எந்த ஆண்டிலும் பதிவானதில்லை. ஜோகன்னஸ்பர்க் நகரில் கியாரா நிர்கின் என்னும் பள்ளி மாணவி இதைக் கண்டு சிந்தித்தாள். கடையில் விற்கும் நீர்க்கூழ்கள் விலைமிக்கவை, மக்காதவை. ஆரஞ்சுத் தோலிலோ பெக்டின் நிறைந்திருக்கிறது. சாறு பிழியும் ஆலைகளில் பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கழிவாகவே எஞ்சுகிறது. இக்கழிவை ஏன் பயன்படுத்தலாகாது? ஆரஞ்சுத் தோலையும் அவகாடோ பழத்தின் தோலையும் கொண்டு அவள் ஒரு நீர்க்கூழை ஆக்கினாள். 2016-இல் கூகுள் நிறுவனம் உலக மாணவர்களுக்காக நடத்திய அறிவியல் போட்டியில் முதற்பரிசும் 50,000 டாலர் கல்வி உதவித்தொகையும் அவளுக்குக் கிடைத்தன. அப்போது அவளுக்கு வயது 16.

நம் நாட்டு இராசஸ்தானத்திலும் இதே எண்ணம் ஓர் இளைஞனுக்கு உதித்தது. உழவர் குடும்பத்தில் பிறந்த நாராயண் லால் குர்ஜர், உதயப்பூரில் வேளாண் பொறியியல் பயின்றவர். வறட்சியால் தம் பகுதி உழவர் படும் துயரைக் கண்டு, பழத்தோல் கழிவிலிருந்து நீரை ஏந்தும் தூளை உருவாக்க முயன்றார். பின்னர் ஜப்பானின் ஒக்கினாவா தீவிலுள்ள அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் ஆதரவுடன் அங்கே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். முதன்மையாக ஆரஞ்சு வகைப் பழத்தோலிலிருந்து செய்யப்படும் அத்தூள், செயற்கைக் கூழைப் போல் பல நூறு மடங்கு நீரை ஏந்துவதில்லை. பல பத்து மடங்கே ஏந்துகிறது. ஆனால், ஏறத்தாழ ஆறு மாதம் உழைத்து, ஓராண்டுக்குள் மண்ணில் மக்கிவிடும் என்று அந்நிறுவனம் கூறுகிறது. ஒரு பருவப் பயிருக்கு ஆறு மாதம் போதுமன்றோ?

இவ்விருவரும் எந்தப் பொருளிலிருந்து தொடங்கினார்கள் என்பதை நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டும். பிறர் எறிந்ததிலிருந்து தொடங்கினார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி, ஓர் எச்சரிக்கை. நல்ல செய்தியைக் கேட்டவுடன் கைப்பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவது அறிவுடைமையாகாது. உழவர் வீட்டுப் பணம் எளிதில் வந்த பணமன்று. எனவே, பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

350 மடங்கு நீரை ஏந்தும் கூழில் 2 கிலோவை ஓர் ஏக்கரில் இடுகிறோம் எனக் கொள்வோம். அது ஒரு முறை நிரம்பினால் ஏந்தும் நீர் 700 லிட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலும் 4,047 லிட்டர் விழுகிறது. ஆகவே, அந்த 2 கிலோ கூழ் ஒரு தடவையில் சேமிப்பது ஒரு மில்லிமீட்டர் மழையில் ஆறில் ஒரு பங்குதான்!

இதனால் நீர்க்கூழ் பயனற்றது என்று பொருளாகுமா? ஆகாது. வயல் முழுவதும் வீசி இறைத்தால் அது வீண். விதை விழும் சாலிலோ, கன்று நடும் குழியிலோ, வேரின் அருகில் இட்டால் அச்சிறு நீரும் இளம்பயிருக்குப் பேருதவியாகும். மேலும், ஒவ்வொரு மழைக்கும் அது மீண்டும் நிரம்புகிறது. ஆனால், கூழ் மழையைப் படைப்பதில்லை. வந்த மழையைச் சிறிது காலம் நிறுத்தி வைப்பதே அதன் தொழில். ஒரு மழையும் பெய்யாத நிலத்தில் அது வெறும் தூளாகவே கிடக்கும்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. 350 மடங்கு, 500 மடங்கு என்பன தூய நீரில் கண்ட அளவுகள். உப்பு நீரில் கூழின் உப்பும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடும். மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிய சங்கிலிகளை உப்பு அடக்கிவிடுவதே இதற்குக் காரணம். உவர் நிலத்திலும், கடலோரக் கிணற்றுப் பாசனத்திலும், விளம்பரத்தில் கண்ட அளவை எதிர்பார்த்தல் தவறு.

தென்னை தரும் கொடை

பழச்சாறு ஆலை நம் ஊரில் இல்லாதிருக்கலாம். ஆனால், தென்னை உண்டு. தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்தபின் உதிரும் தூளையே நார்க்கழிவு என்கிறோம். 1 கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ 2 கிலோ தூள் கழிவாகிறது. பொள்ளாச்சி போன்ற பகுதிகளில் நார் ஆலைகளின் அருகே இது மலைபோல் குவிந்து கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். மழையில் நனைந்தால் பழுப்பு நிறச் சாறு வடிந்து நிலத்தையும் நீரையும் கெடுக்கும். ஆயினும், இதே தூள் உலர்ந்த நிலையில் தன் எடையைப் போல் 5 மடங்குக்குக் குறையாமல் நீரை ஏந்தவல்லது. நுண்ணிய துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற உடலமைப்பே இதற்குக் காரணம்.

அப்படியே வாரி வயலில் கொட்டிவிடலாமா? கூடாது. பச்சை நார்த்தூளில் கரிமச் சத்து மிகுதி. தழைச்சத்து மிகக் குறைவு. இவற்றின் விகிதம் 112-க்கு 1. இதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளித்து நிற்கும். எளிதில் மக்காத லிக்னின் என்னும் பொருளும் இதில் ஏறத்தாழ 30 விழுக்காடு உள்ளது. எனவே, முதலில் மக்கவைத்தல் இன்றியமையாதது.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு எளிய முறையொன்றை வகுத்துத் தந்துள்ளது. 1 டன் நார்த்தூளுக்கு 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும், 5 கிலோ யூரியாவும் வேண்டும். மரநிழலில் 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள இடத்தைச் சமன் செய்யவேண்டும். முதலில் 100 கிலோ தூளைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டிக் காளான் வித்தைத் தூவவேண்டும். அதன்மேல் மீண்டும் 100 கிலோ தூளைப் பரப்பி, 1 கிலோ யூரியாவை இடவேண்டும். இவ்வாறு வித்தும் யூரியாவும் மாறி மாறி வரும்படி 10 அடுக்குகள் அமைத்து, ஈரம் குறையாமல் நீர் தெளித்து வந்தால் போதும். ஓரிரு மாதங்களில் பழுப்புத் தூள் கருமை அடைந்து, பிடித்தால் பொலபொலவென உதிரும். அப்போது கரிம, தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடும். லிக்னினும் 5 விழுக்காட்டுக்குக் குறைந்துவிடும்.

இம்மக்கு உரத்தை ஏக்கருக்கு 2 டன் வீதம் இடலாம் என்பது அறிஞர் பரிந்துரை. மீண்டும் அதே கணக்கைப் போடுவோம். உலர் எடையில் 2 டன் உரம் 5 மடங்கு நீரை ஏந்தினால் 10,000 லிட்டர். அதாவது, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் மழை. 2 கிலோ கூழைக் காட்டிலும் பதினான்கு மடங்கு மிகுதி! அதோடு மண்ணும் பொலிவு பெறுகிறது. சாம்பல் சத்தும் சேர்கிறது. சுமை மிகுதி, வண்டிக் கூலி உண்டு என்பது உண்மையே. ஆயினும் அருகில் தென்னை உள்ளவனுக்கு இதனினும் சிறந்த குடம் வேறில்லை. தென்னை இல்லாத ஊரில் தொழு உரமும், சருகு மூடாக்கும், மக்கிய வாழைத் தண்டும் அதே பணியைத் தம்மால் இயன்ற அளவு செய்யும். சேலம் வட்டாரத்தார் சேகோ ஆலைத் திப்பியை நன்கு மக்கவைத்துப் பயன்படுத்தலாம்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

கன்று நடுவோரும், காய்கறி பயிரிடுவோரும் நீர்க்கூழை வாங்க விரும்பினால், விற்பவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். இது முழுவதும் தாவரப் பொருளா, செயற்கைச் சேர்மம் கலந்ததா? எத்தனை மாதத்தில் மக்கும். அதற்குச் சான்று உண்டா? எம் கிணற்று நீரில் எத்தனை மடங்கு உப்பும்? மூன்றாவது கேள்விக்கு விடையை நாமே காணலாம். 1 கிராம் தூளை ஒரு செம்பு கிணற்று நீரில் ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நகைக்கடைத் தராசிலோ தபால் தராசிலோ நிறுத்தால் உண்மை தெரிந்துவிடும். பின்னரும் வயல் முழுவதும் இடாமல், இரண்டு சென்ட் நிலத்தில் இட்டு, இடாத பகுதியோடு ஒரு பருவம் ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். நீரில் ஊறிப் பளிங்குபோல் பருக்கும் வண்ண உருண்டைகள் அலங்காரத்திற்கும் விளையாட்டிற்கும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவை பழத்தோலால் ஆனவை அல்ல, செயற்கைக் கூழ். சிறு குழந்தை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் பருத்துக் குடலை அடைத்து உயிருக்கே உலை வைத்துவிடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அவற்றுக்கு இடமளிக்கவேண்டாம்.

முற்றத்தில் ஒரு சோதனை

இவற்றையெல்லாம் படித்து அறிவதினும் கண்டு அறிவது நன்று. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து இச்சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒரே அளவான மூன்று மண் தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வெறும் செம்மண். இரண்டாவதில் செம்மண்ணோடு நான்கில் ஒரு பங்கு மக்கிய நார்த்தூள். மூன்றாவதில் செம்மண்ணோடு ஊறவைத்த பாதாம் பிசின் ஒரு கைப்பிடி. மூன்றிலும் தட்டைப்பயறு விதைத்து, முளைத்து நான்கு இலை விட்டபின் ஒரே அளவு நீர் ஊற்றி, அதன்பின் நிறுத்திவிடுங்கள். எந்தச் செடி எந்த நாளில் தலை சாய்கிறது என்று நாள்காட்டியில் குறித்துவரச் சொல்லுங்கள். அப்பாவும் தாத்தாவும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதன் காரணம் அப்போது பிள்ளைகளுக்கு விளங்கும். பள்ளியில் படிக்கும் பாடம் வயலுக்குப் பயன்படும் என்பதும் விளங்கும்.

ஊர் கூடினால் இயலாதது இல்லை. தனி ஒருவனுக்கு 1 டன் நார்த்தூளை ஏற்றி வருதல் சுமை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு லாரியின் கூலி பத்தாகப் பிரிந்துவிடும். மகளிர் குழுவினர் ஒரு மரநிழலைத் தேர்ந்து மக்கு உரம் தயாரித்தால் தம் நிலத்துக்கும் ஆகும்; எஞ்சியதை விற்றுக் கையில் சிறிது காசும் சேரும். திருமண மண்டபங்களிலும் பழச்சாற்றுக் கடைகளிலும் அன்றாடம் குப்பைக்குப் போகும் தோலையும் சக்கையையும் தனியே பிரித்து மக்கவைக்கும் வழக்கத்தை ஊராட்சியிலும் பேசித் தொடங்கலாம்.

மழையை வரவழைக்கும் ஆற்றல் நம் கையில் இல்லை. ஆனால், வந்த மழை நம் வயலில் எத்தனை நாள் தங்கும் என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வரும் ஐப்பசிக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. நார்த்தூள் கருமையடைய இரண்டு மாதம் போதும். இப்போதே தொடங்குவோர், அடுத்த மழைக்குமுன் தம் நிலத்தில் குடத்தைப் புதைத்து வைத்தவராவர்.